ஆல்பீன் ஏ110: பிடியின் எல்லையில் ஒரு நடு எஞ்சின் கார்

எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், முன் பின் சக்கரங்களுக்கு இடையே அமைந்த நடு எஞ்சின் கார் வளைவில் சட்டென்று திரும்பும் என்பது பலரும் அறிந்ததே. பின் டயர்கள் தரையின் மீதுள்ள பிடியை இழந்தால் அதே கார் அதே வேகத்தில் சுழன்றும் போகும் என்பது பந்தயத்தடத்தில்தான் முழுமையாக விளங்குகிறது. கனமான பாகங்கள் நடுவில் குவிந்திருப்பதால் திரும்புவதை எதிர்க்கும் நிலைமம் குறைவாக இருப்பதே இரண்டுக்கும் காரணம். 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 இவ்வகையில் பெயரைக் கெடுத்துக்கொண்டது. பிற்பாடு டொயோட்டாவே அதன் பின் சஸ்பென்ஷனை மாற்றியமைத்தது. 2017இல் அறிமுகமான, பிரெஞ்சு நிறுவனமான ஆல்பீனின் ஏ110 காரையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட விரும்புகிறேன்: பிடி நழுவப் போவதை அது ஓட்டுநருக்கு முன்கூட்டியே உணர்த்துகிறதா?

உணர்த்துகிறது, அதுவும் மிகத் தெளிவாக. அலுமினியத்தால் கட்டப்பட்ட இந்தக் காரின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. அதில் 44 விழுக்காடு முன் சக்கரங்களிலும் 56 விழுக்காடு பின் சக்கரங்களிலும் அமர்கிறது. எடை குறைவாக இருப்பதால் ஸ்பிரிங்குகளை மென்மையாக வைக்க முடிந்திருக்கிறது. வளைவில் கார் நன்றாகவே சாய்கிறது. முதன்முறை ஓட்டுபவருக்கு அது குறையாகத் தோன்றலாம். ஆனால் நான்கு சக்கரங்களிலும் டபுள் விஷ்போன் அமைப்பு (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன்) இருப்பதால், உடல் சாய்ந்தாலும் டயர் தரையில் சீராகப் பதிந்தே நிற்கிறது. எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் வேகத்தை உடம்பாலேயே அளந்துகொள்ள முடிகிறது என்பதுதான் இந்தச் சாய்வின் பயன்.

நடுத்தர வேக வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளைவுக்கு முன்பே பிரேக்கை முழுவதும் விட்டுவிட்டுத் திருப்பினால், எடை குறைந்த முன்பக்கம் தரையை அழுத்திப் பிடிப்பதில்லை. ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட, கார் வெளிப்புறமாக அகன்று போகிறது. அதற்கு மாறாக, பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியபடியே திருப்பினால் முன் டயர்கள் நன்கு கடித்துக்கொள்கின்றன, பின்புறமும் மெல்ல வெளியே நகர்ந்து திரும்புவதற்குத் துணை நிற்கிறது. அந்த நகர்வு ஸ்டீயரிங்கில் தெரிவதற்கு முன்பே இடுப்பில் தெரிகிறது. அப்போது பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுப்பது எந்த நடு எஞ்சின் காரிலும் ஆபத்து: எடை முன்னே பாய, பின் டயர்கள் இருக்கும் பிடியையும் இழக்கும். காலைச் சீராக வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் சற்றே திருப்பி, கார் நேராகத் தொடங்கியதுமே அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். ஏ110 இதற்கெல்லாம் நேரம் தருகிறது. இந்த வகைக் காரில் அது அரிது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுத்து மற்றதற்கும் விசையை அனுப்பும் இயந்திர வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதில் கிடையாது. வளைவின் உள்பக்கப் பின்சக்கரம் பிடியின்றிச் சுழலத் தொடங்கினால் பிரேக்கைக் கொண்டுதான் அதை அடக்குகிறது. அதனால் இறுக்கமான வளைவுகளிலிருந்து வெளிவரும்போது 252 குதிரைத்திறனும் தரைக்கு வந்து சேர்வதில்லை, கார் நிமிரும்வரை காத்திருக்க நேர்கிறது. மேனுவல் கியரும் இல்லை. தானாகவே கியர் மாற்றும், ஏழு கியர் கொண்ட டூயல் கிளட்ச் மட்டுமே.

2019இல் வந்த ஏ110 எஸ் 292 குதிரைத்திறனும், 50 விழுக்காடு கூடுதல் இறுக்கமுள்ள ஸ்பிரிங்குகளும், அகலமான டயர்களும் கொண்டது. வேகமான வளைவுகளில் அதன் உறுதி கூடுதல்தான். ஆனால் பிடி நழுவும் முன் வரும் எச்சரிக்கை அதில் சுருங்கிவிடுகிறது. நேரத்தைக் குறைப்பதே குறி என்றால் எஸ் பொருந்தும். எல்லையில் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அடிப்படை ஏ110 காரையே பரிந்துரைப்பேன். முதலில் பந்தயத்தடத்துக்கான டிராக் மோடில், கார் சறுக்குவதைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தளர்ந்த நிலையிலேயே பழகிக்கொள்ளட்டும். அதை முழுவதும் அணைப்பதற்கு, ஓரத்தில் தாராளமான வெற்றிடம் உள்ள வளைவுகளைத் தேர்ந்துகொள்வது நல்லது.