மாயாவியின் கை மறையக் கூடாது: பழைய நாயகர்களின் புது அவதாரங்களை வாங்கலாமா?

சேலத்தில் காமிக்ஸ் படிக்கிற நாலு பேர் தட்டுவடை செட் கடை முன்னால் கூடினால், பேச்சு பேட்மேனில் தொடங்கும். செட் தீர்வதற்குள் இரும்புக்கை மாயாவியிடம் வந்து நிற்கும். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் அவர். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக, கூர்மண்டையர் என்று வாசகர்கள் செல்லமாக அழைக்கும் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு), சட்டித்தலையன் என்கிற ரோபோ ஆர்ச்சியும் வந்து சேர்ந்தார்கள். பிறந்த இங்கிலாந்தில் இந்த மூவரும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இங்கே மறுபதிப்பு வந்தால் இன்றைக்கும் விற்கிறது. அதனால்தான் இவர்களுக்குப் புது அவதாரம் என்று யாராவது கிளம்பினால் நம்மவர்களுக்கு முதலில் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது, பாதி தேவையில்லாதது. எந்தப் பாதி எது என்று பார்க்க, ஆங்கிலத்தில் கிடைக்கும் புது அவதாரங்களையும் அவற்றின் மூலக் கதைகளின் தொகுப்புகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பதுதான் வழி. சேலத்திலிருந்து பணம் கட்டி வரவழைக்கிற வாசகருக்கு எது முதலில், எது அப்புறம், எது தேவையே இல்லை என்பதுதான் இந்த விமர்சனம்.

முதலில் அளவுகோல். ஒரு நாயகனை நிற்கவைப்பது அவனுடைய சக்தியை விட அந்தச் சக்திக்குப் போட்ட கடிவாளம். மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வக விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டல், மின்சாரம் உடலில் பாய்ந்தால்தான் மறைவார். மறைந்தாலும் எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மின்சாரத்தின் வேகம் இறங்கினால் உடம்பு திரும்பி வந்துவிடும். கதையின் பதற்றம் முழுவதும் இதற்குள் இருக்கிறது: பக்கத்தில் மின்சார இணைப்பு உண்டா, கையை எங்கே ஒளிப்பது, இன்னும் எத்தனை நேரம். இந்த மூன்று கேள்வியையும் காப்பாற்றுகிற புது அவதாரம் தேறும். நினைத்தபோது மறையலாம், கையும் மறையும் என்று தளர்த்திவிட்டால், மிச்சம் இருப்பது வேறு யாரோ.

மூலத்தைப் படிக்காமல் புது அவதாரத்தை மதிப்பிட முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தை 2018-இல் வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம், 2021-இல் ‘தி ஸ்டீல் க்ளா: இன்விசிபிள் மேன்’ (மாயாவியின் ஆங்கிலப் பெயர்தான் ஸ்டீல் க்ளா), ‘தி ஸ்பைடர்ஸ் சிண்டிகேட் ஆஃப் கிரைம்’ என்ற தொகுப்புகளைக் கொண்டுவந்தது. முதலாவதில் கென் புல்மரின் எழுத்து, ஜெசூஸ் பிளாஸ்கோவின் சித்திரம். பாக்கெட் சைஸ் தமிழ்ப் பதிப்புகளிலேயே பிளாஸ்கோவைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் பெரிய பக்கத்தைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். பாக்கெட் அளவுக்காகக் கட்டங்களைப் பிரித்து மறுபடி அடுக்கியபோது ஓரங்கள் போயின, பின்னணி போயிற்று, நிழல்கள் கறுப்புத் திட்டாக அடைத்துக்கொண்டன. அந்த நிழலுக்குள் எத்தனை மெல்லிய கோடு இருந்தது என்று இங்கேதான் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. இவை வாரப் பத்திரிகையில் இரண்டிரண்டு பக்கமாக வந்த தொடர்கள். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை ஆபத்து வரும், அடுத்த பக்கத்தின் முதல் கட்டத்தில் போன வாரக் கதையை மறுபடி சொல்வார்கள். ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் சுவை கெடாது.

ஸ்பைடர் தொகுப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சேதி உண்டு. 1965-இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய வந்த இந்தத் தொடரைச் சீக்கிரமே ஜெர்ரி சீகல் எடுத்துக்கொண்டார். ஜோ ஷுஸ்டருடன் சேர்ந்து, 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். சூப்பர்மேனும் நம்ம கூர்மண்டையரும் ஒரே பேனாவைக் கண்டவர்கள். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவேன் என்று கிளம்பிய ஸ்பைடர் பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடுகிறார். ஆனால் அந்தத் தலைக்கனம் மட்டும் கடைசிவரை இறங்குவதில்லை. அதுதான் அவருடைய கடிவாளம். அவர் தோற்கிற இடமெல்லாம் அதனால்தான் தோற்கிறார்.

இப்போது ‘பழசைத் தொடவே கூடாது’ என்கிற கட்சிக்கு. 1952-இல் ‘லயன்’ என்ற பிரிட்டிஷ் வார இதழின் முதல் இதழிலேயே ஆர்ச்சி வந்துவிட்டான். அன்றைக்கு அவன் பேசாத இயந்திரம். தொலைவிலிருந்து கருவியை இயக்கினால் நடப்பான், தூக்குவான், உடைப்பான். நம்ம ஊரில் எல்லோருக்கும் பிடித்த, வாய் ஓயாமல் தன் பெருமை பேசுகிற, சதுரங்கக் கோட்டை வடிவிலான காலயந்திரத்தில் ஏறிச் சுற்றுகிற ஆர்ச்சி பிற்பாடு உருவானவன். நாம் மூலம் என்று நெஞ்சில் வைத்திருப்பதே ஒரு மறு அவதாரம். மாயாவியும் அப்படித்தான். 1962 அக்டோபர் 6 தேதியிட்ட ‘வேலியண்ட்’ முதல் இதழில் அவர் அறிமுகமாகிறார். முதல் ஜேம்ஸ் பாண்ட் படம் லண்டனில் திரையிடப்பட்டது அதற்கு முந்தின நாள். வில்லனாகத் தொடங்கிய கிராண்டலை அந்தக் காலத்து ஒற்றர் மோகம் விரைவிலேயே நிழல் படை என்ற ரகசிய உளவு அமைப்பின் ஏஜெண்ட் ஆக்கியது. விரலில் துப்பாக்கியும் வானொலியும் முளைத்தன. அதே மோகத்தில் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படம் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் முகப்பு வளைவு நம்ம ஏற்காடு சாலையில் இன்றைக்கும் நிற்கிறது. நாயகர்கள் காலத்துக்குத் தக்கபடி சட்டை மாற்றுவது சேலத்துக்குப் புதிதில்லை.

அறுபதுகளின் பின்பாதியில் மாயாவிக்குச் சூப்பர் ஹீரோ உடையும் மாட்டிப் பார்த்தார்கள். அது ஒட்டவில்லை, கழற்றிவிட்டார்கள். ஒற்றர் மாற்றம் ஒட்டியது, உடை மாற்றம் ஒட்டவில்லை. ஒற்றனுக்கு ஒளிந்துகொள்ளும் அவசியம் உண்டு. தெரிகிற கை அவனுக்கு உண்மையான சிக்கல். பளபளக்கும் உடை போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு ஒளிய வேண்டிய வேலையே இல்லை.

இந்த அளவுகோலோடு ‘ஆல்பியன்’. 2005-06-இல் அமெரிக்கப் பதிப்பகமான டிசியின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு ஆறு இதழ்களாக வெளியிட்டது. கதைக்கரு ஆலன் மூர், எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும், சித்திரம் ஷேன் ஓக்லி. பழைய நாயகர்கள் எல்லாரும் உண்மையாக வாழ்ந்தவர்கள், அரசாங்கம் அவர்களைப் பிடித்து ரகசியச் சிறையில் பூட்டிவிட்டது என்பது கரு. கேட்கும்போதே புல்லரிக்கிற கரு இது. ஆனால் கதையைத் தூக்கிச் செல்வது டேனி, பென்னி என்ற இரண்டு இளையவர்கள். நாயகர்கள் பெரும்பாலும் கம்பிக்குப் பின்னால். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஏதோ ஒரு பழைய பிரிட்டிஷ் பாத்திரம் தலைகாட்டுகிறது. அங்கே வளர்ந்தவருக்கு அது திருவிழா. நமக்கு மூவரும், இன்னும் ஓரிருவரும்தான் தெரிந்த முகம்; மற்றவர்கள் கூட்டம். வசனத்திலும் பிரிட்டிஷ் தெருப்பேச்சு நிறைய, அகராதி கை கொடுக்காது.

இதற்காக அந்தப் புத்தகத்தைக் குப்பை என்று சொல்கிறவர்களோடு உடன்பட முடியாது. நாயகர்களின் விதிகளை அது உடைக்கவில்லை. அவற்றைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். மறையக்கூடிய மனிதனைச் சிறையில் வைத்தால், மின்சாரத்தை அவனிடமிருந்து எப்படி விலக்கி வைப்பார்கள் என்பதே ஒரு தனிக் கதை. அதை எழுதாமல் விட்டது பெரிய இழப்பு. இரண்டு மூலத் தொகுப்புகளையும் முடித்தவர்கள் வாங்கலாம். முதல் புத்தகமாக வேண்டாம்.

கிராண்ட் மாரிசன் எழுதிய ‘ஜெனித்’ தொடரின் மூன்றாம் கட்டத்திலும், 1989-90 வாக்கில், ஆர்ச்சி அன்றைய நடன இசை மோகத்தில் ஊறிய ரோபோவாக வருகிறான். இது ஆர்ச்சியின் கதை இல்லை, அவனுக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

ரெபெல்லியன் 2023-இல் மூன்று இதழ்களாகக் கொண்டுவந்த ‘ஸ்மாஷ்!’ தொடரை எழுதியவர் பால் கிரிஸ்ட். ஸ்பைடரும் மாயாவியும் ஆர்ச்சியும் ஒரே கதைக்குள் வருகிறார்கள். மூன்று இதழில் இத்தனை பேர் என்பதால் ஒவ்வொருவருக்கும் மூச்சுவிட இடம் கம்மி. ஓடுகிற வேகத்தில் யார் எதற்கு அங்கே வந்தார் என்று திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இவர்களைக் காட்சிப் பொருளாக வைக்காமல் வேலை செய்ய விடுகிறது. புது அவதாரத்தில் ஒன்றே ஒன்று படிப்பேன் என்கிறவருக்கு இதைத்தான் கையில் கொடுக்க வேண்டும். தமிழில் வர வேண்டிய புத்தகமும் இதுதான்.

அமெரிக்க நாயகர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2011 செப்டம்பரில் டிசி 52 தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியபோது சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டியை எடுத்தார்கள். 2018-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் ஆயிரமாவது இதழில் அது திரும்பி வந்தது. ஏழு வருடம் அதைப் பற்றியே சண்டை போட்டவர்கள் கதையை விட்டுவிட்டார்கள். 2024-இல் தொடங்கிய ‘அப்சல்யூட் பேட்மேன்’ புரூஸ் வேய்னிடமிருந்து கோடிகளைப் பிடுங்கி உழைக்கும் வர்க்கத்து எஞ்சினியர் ஆக்கியிருக்கிறது. இதை எதிர்க்கிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர். அமானுஷ்ய சக்தி இல்லாத மனிதன் என்பதுதான் பேட்மேனின் கடிவாளம். பணத்தையும் எடுத்தால் அது இன்னும் இறுகுகிறது, தளரவில்லை. தாராளமாக வாங்கலாம்.

இனி வாங்குவது. ஆங்கிலத் தொகுப்புகள் இணையத்தில்தான். விற்பவர் யார், இறக்குமதிப் பிரதியா, உறை கெட்டி அட்டையா மெல்லிய அட்டையா என்று பார்த்து, ஐஎஸ்பிஎன் எண்ணை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்; ஒரே தலைப்பில் வெவ்வேறு பதிப்பகங்களின் பழைய தொகுப்புகளும் உண்டு. பார்சல் வந்ததும் நான்கு மூலைகளையும் முதுகையும் பாருங்கள். பிறகு பக்க எண்களை முழுவதும் ஓட்டுங்கள். பதினாறு பக்க மடிப்பு ஒன்று இரண்டு முறை வந்து, இன்னொன்று விடுபட்டுப் போவது அச்சகத் தவறுகளில் சகஜம். திருப்பி அனுப்பும் கெடு தாண்டிய பிறகு தெரிந்தால் பயனில்லை. பசை ஒட்டிய முதுகை முதல் நாளே 180 பாகைக்கு விரித்தால், சேலத்து மே மாத வெயிலில் அது வெடிக்கும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திறந்து பழக்குங்கள்.

ரெபெல்லியன், நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத மின்பிரதிகளும் விற்கிறது. பத்து அங்குல டேப்லெட் இருந்தால் நல்ல சிக்கனம். கைபேசியில் வேண்டாம், ஒரு பக்கத்தில் அடர்ந்த கட்டங்கள், வசன பலூனைப் பெரிதாக்கினால் சித்திரம் போய்விடும்.

பழைய தமிழ் இதழ்களுக்குப் புத்தகத் திருவிழாவும் பழைய புத்தகக் கடைகளும்தான். கடையில் அட்டையைப் பார்த்து மயங்காமல் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். தாள்களைத் தைத்த ஸ்டேபிள் பின் துருப்பிடித்திருந்தால் நடுத்தாள்தான் முதலில் கழன்று காணாமல் போகும். போட்டிக் கூப்பன் வெட்டப்பட்டிருந்தால் அதன் முதுகுப் பக்கத்தில் கதைக் கட்டமும் போயிருக்கும். மணத்தையும் பாருங்கள், புளித்த வாடை என்றால் பூஞ்சை உள்ளே இருக்கிறது, வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களுக்கும் பரவும். செல்லோ டேப் போட்டு ஒட்டிய பிரதி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அந்தப் பசை மஞ்சளாகி மையைத் தின்றுவிடும்.

வைத்துக்கொள்வதில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே முறை பொருந்தாது. கீழே எதிரி சூடும் வெளிச்சமும்: செய்தித்தாள் ரகக் காகிதத்தில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டதும் பழுப்பாகும், ஆகவே மூடிய அலமாரி போதும். மேலே, 1,500 மீட்டர் உயரத்தில், ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வரும் வீடுகளில் ஈரம்தான் எமன். ‘ஆல்பியன்’ மாதிரியான வழவழப்பான பூச்சுக் காகிதம் ஈரத்தில் ஊறி அப்படியே காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் சித்திரம் உரிந்துதான் வரும். சாதாரணக் காகிதமாவது பூஞ்சைப் புள்ளியோடு பிழைக்கும். பிவிசி உறை போடாதீர்கள், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை அட்டையின் மையில் ஒட்டும். பாலிபுரொப்பிலீன் உறை நல்லது, வாயை முழுவதும் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், அடித்தட்டைக் காலியாக விடுங்கள். இராமபாணப் பூச்சி ஈரச் சுவரிலிருந்துதான் ஏறும். தட்டுக்கு ஒரு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறும் ரகமாகப் பார்த்து வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதன் நிறத்தைப் பார்த்து, மாறியிருந்தால் அன்றைக்கே புதுப் பை வைத்துவிடுங்கள்.