காப்பா, கிரெடிட் காட்டா?

எங்கள் கந்தோருக்குப் புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, ஒரு கிரெடிட் காட் எடுத்து வைக்கட்டோ, இல்லாட்டி அவசரம் வந்தால் நகையை அடைவு வைக்கிறதே காணுமோ?" தேத்தண்ணி நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நான் அடைவின் ஆள். 2020 கடைசியில் எடுத்த கிரெடிட் காட்டை 2023இல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது கைப்பையில் டெபிட் காட் மட்டும்தான்.

வசதி என்று பார்த்தால் காட்டுக்குத்தான் வெற்றி, அதில் வாதம் இல்லை. இராத்திரி பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டச் சொன்னால் காப்பைக் கழற்றிக் கொடுக்க முடியாது. அடைவுக்கு வங்கி திறந்திருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும், பரிசோதிப்பவர் உரைத்துப் பார்த்து எடை போடும்வரை வாங்கில் இருக்க வேண்டும். பக்கத்து வாங்கில் தெரிந்தவர் இருந்தால் அது தனிக் கரைச்சல்.

வன்னியில் தங்கத்தின் மேல் இவ்வளவு பிடிப்பு ஏன் என்று வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கிளிநொச்சியில் புலிகள் நடத்திய வங்கியான தமிழீழ வைப்பகம் இருந்தது. 1994இல் தொடங்கியது, 2009இல் போரோடு போனது. அதோடு எத்தனையோ பேரின் வைப்புப் புத்தகம் வெறும் கடதாசியானது. இடம்பெயர்ந்து ஓடியபோது வீடும் மாடும் நெல்லும் அங்கங்கே நின்றுவிட்டன. என் அம்மா இடுப்புச் சீலையில் முடிந்து கொண்டு வந்தது மட்டும்தான் முகாம் வரை வந்தது. 2009க்குப் பிறகு ஏ9 வீதியோரம் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளை திறந்தன, லீசிங் கம்பெனிகளும் வந்தன. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சீலை முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. அந்த முடிச்சிலிருந்துதான் என் காப்புச் சோடி வந்தது.

சரி, நான் காட் எடுத்த கதைக்கு வருவோம். 2020 ஆவணியில் இலங்கை மத்திய வங்கி வட்டிக்கு உச்சவரம்பு போட்டது: கிரெடிட் காட்டுக்கு 18 வீதம், அடைவுக்கு 10. கந்தோருக்கு வந்த முகவர் 18ஐ மட்டும் சொன்னார். எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. மாதச் சம்பளக்காரி, முழுக்கக் கட்டிவிட்டால் வட்டியே இல்லைத்தானே என்று கையெழுத்து வைத்தேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். எங்கள் வீட்டில் இரண்டு நாட்காட்டி ஓடுகிறது. என் சம்பளம் மாதாமாதம் கணக்கில் விழும். என் கணவருடைய வருமானம் வயலில். மாரி மழையில் செய்யும் காலபோக நெல்லை மாசி, பங்குனியில் வெட்டினால்தான் காசு. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எவ்வளவு காணி செய்வது என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள், எல்லாருக்கும் கிடைக்காது. செலவோ ஐப்பசியிலேயே தொடங்கிவிடும்: உழவு, விதைநெல், உரம், மருந்து. வயலுக்குக் கையிலிருந்த சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சாமானுக்குக் காட்டை நீட்டத் தொடங்கினேன். காட்டால் நான் ஒரு உரப்பை கூட வாங்கியதில்லை. ஆனாலும் அது வயல் கடன்தான்.

முதல் போகம் தப்பிவிட்டது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், எங்கள் வயலுக்கு நேரத்துக்கு உரம் வந்து சேரவில்லை. 2022 பங்குனியில் வெட்டிய நெல் வெட்டுக்கூலிக்கும் கடைக் கடனுக்கும்தான் காணும் என்றானது. அடுத்த மாதமே மத்திய வங்கி உச்சவரம்பை நீக்கியது. என் காட்டின் வட்டி 18இலிருந்து 24 ஆகி, அந்த வருடம் முடிவதற்குள் 36 ஆனது.

36 வீதம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபா நிலுவை. மாத வட்டி 3,000. அவர்கள் கேட்கும் ஆகக் குறைந்த தொகை 5 வீதம், அதாவது 5,000. கட்டினால் வட்டி போக நிலுவையில் கழிவது 2,000தான். இது கூடப் பரவாயில்லை. முழுத் தொகையைக் கட்டாமல் விட்ட பிறகு வாங்கும் சாமானுக்கு வட்டியில்லாக் காலமே இல்லை. சவர்க்காரக் கட்டிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கடைசித் திகதி ஒரு நாள் தவறினால் தண்டம் வேறு. வங்கியிலிருந்து போன் வரும்போதெல்லாம் இவர் பக்கத்தில் இருந்து, "நெல்லு வித்ததும் கட்டுறம் எண்டு சொல்லுமன்" என்பார். மறுமுனையில் இருந்த பிள்ளை பாவம், அவளுக்கு நெல்லும் தெரியாது, போகமும் தெரியாது. அவளுடைய திரையில் திகதி மட்டும்தான் இருந்திருக்கும்.

காப்பைக் கொண்டுபோய் அடைவு வைத்து அந்த நிலுவையைத் தீர்த்தேன். அடைவு வட்டியும் அப்போது 10இல் நிற்கவில்லை, அதுவும் ஏறித்தான் இருந்தது. ஆனால் காட்டைவிடக் குறைவு. அதைவிடப் பெரிய விடயம், மாதாமாதம் யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு வருடத் தவணை தந்தார்கள். இடையில் கையில் இருப்பதைக் கட்டிக் குறைக்கலாம். முடியாவிட்டால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம். 2023 பங்குனியில் நெல் விற்ற கிழமையே மீட்டேன். காட்டை அதற்கு அடுத்த கிழமை திருப்பிக் கொடுத்தேன்.

அடைவிலும் பொறி இருக்கிறது. தவணை தவறினால் கடிதம் வரும், பிறகு ஏலம். தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்து: 2013இல் விலை விழுந்தபோது அடைவு பிடித்த வங்கிகளே நட்டப்பட்டன. 2025இல் பவுண் மூன்று லட்சத்தைத் தாண்டியதும் ஒரு காப்புக்கு முன்பைவிடக் கூடக் காசு தருகிறார்கள், தருவதை எல்லாம் வாங்கினால் மீட்கும் நாளில் தெரியும். இன்னொன்று, அடைவுக்குப் போவது எப்போதும் பெண்ணின் நகைதான். இவரின் மோட்டார் சைக்கிள் ஒரு நாளும் போனதில்லை.

நகையே இல்லாதவர்களுக்கு இந்த ஒப்பீடு உதவாது. போரின் கடைசி நாட்களில் எல்லாவற்றையும் தொலைத்து வந்த குடும்பங்கள் எங்கள் கிராமங்களில் எத்தனையோ. நுண்கடன் கம்பெனிகள் குழுவாக இருத்திக் கிழமைக்குக் கிழமை வசூலித்தது அவர்களிடம்தான். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது போனது. போகத்துக்குப் பொருந்தாமல் திகதிக்கு வசூலிக்கும் கடன் என்ற வகையில் அதுவும் கிரெடிட் காட்டும் ஒரே இனம் என்பது என் எண்ணம்.

கணவன், மனைவி இருவரும் மாதச் சம்பளக்காரர், வயல் இல்லை, முழு நிலுவையையும் கட்டும் பழக்கம் இருக்கிறது என்றால் காட்டை எடுக்கலாம். வவுனியாவில் என் சிநேகிதி ஒருத்தி வட்டியில்லாத் தவணையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கி ஒரு சதம் கூட வட்டி கொடுக்காமல் முடித்தாள். இணையத்தில் சாமான் எடுப்பது, வெளிநாட்டுப் பயணம் இதெல்லாம் நான் செய்து பார்த்ததில்லை, அதில் என் சொல்லைக் கேட்க வேண்டாம். கந்தோர்ப் பிள்ளையிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உங்கட வீட்டில வயல் இருக்கோ?" பரந்தன் பக்கம் நாலு ஏக்கர் என்றாள்.

இந்தக் காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. காப்புச் சோடி வங்கியில், அடைவுத் துண்டு அலுமாரியில். சித்திரையில் தங்கச்சியின் மகளுக்குச் சாமத்திய வீடு வைக்கிறார்கள், தாய் பக்கத்தில் நான்தான் முன்னுக்கு நிற்க வேண்டும். பங்குனிக்குள் நெல் காய வேண்டும்.