வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து சந்துல ஒரு பழைய ஐஎஸ்டி (வெளிநாட்டு போன்) கடை, 5க்கு 4 ஸ்டார்

கடை பேரு போடல. கடைக்காரர் பாய் வேணாம்னுட்டார், "போடாதமா, இப்பவே நிக்க எடமில்ல"ன்னு. அடையாளம் சொல்றேன். சிஎம்சிக்கு எதிர்ல ரோட்டைத் தாண்டுனா லாட்ஜுங்களுக்கு நடுவுல சின்ன சின்ன சந்துங்க போகும் இல்ல, அதுல ஒண்ணு, தமிழ் போர்டைவிட பெங்காலி போர்டு அதிகமா தொங்கும். மஞ்சள் பெயின்ட்ல எஸ்டிடி ஐஎஸ்டி பிசிஓன்னு (வெளியூர், வெளிநாட்டு கால் போடுற பொது போன்) எழுதுனது இன்னும் பாதி அழியாம இருக்குற கடை அந்த சந்துல அது ஒண்ணுதான். உள்ள மரத்துல செஞ்ச கண்ணாடிக் கதவு பூத்துகூட அப்படியே இருக்கு, ஆனா இப்ப அதுல ஆள் போறதில்ல, ஜெராக்ஸ் பேப்பர் கட்டு அடுக்கி வெச்சிருக்கார், போன் வெளில டேபிள் மேல வந்துடுச்சு.

நான் தோட்டப்பாளையத்துல வீட்டு மாடில ரெண்டு ரூம், கேஸ் அடுப்போட, பேஷன்ட் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுறேன். வர்றவங்க பெரும்பாலும் கல்கத்தா, அகர்தலா, பங்களாதேஷ்காரங்க. ரூம் காட்டி சாவி குடுத்த அஞ்சாவது நிமிஷம் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி தண்ணி எப்ப வரும்னு இல்ல, "தீதி (அக்கா), ஊருக்கு எப்படி போன் பண்றது"ன்னுதான். எங்க அண்ணன் 98லேர்ந்து குவைத்ல இருக்கான், எனக்கு ஐஎஸ்டி கரதலபாடம்னு நெனச்சிகினு இருந்தேன். இல்லன்னு இந்த கடையிலதான் தெரிஞ்சுது.

போன வருஷம் பங்களாதேஷ் ராஜ்ஷாஹிலேர்ந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், வீட்டம்மாவுக்கு ஹார்ட் ஆபரேஷன். பையன் நம்பர் ஒரு டைரில எழுதி வெச்சிருந்தார், 017ன்னு ஆரம்பிக்குது, மொத்தம் 11 நம்பர். அதை அப்படியே போட்டுப் போட்டு பார்த்திருக்கார், "நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை"ன்னு தமிழ்ல ஒரு அம்மா சொல்லிகினே இருக்கு, அவருக்கு அது இன்னான்னே புரியல, பையன் போன் சுவிட்ச் ஆஃப்னு நெனச்சு ரெண்டு நாளா சரியா சாப்பிடாம மாடிப்படில உக்காந்துகினு இருந்தார். நான் பார்த்துட்டு, இவ்ளோதானா, குடுங்க தாத்தான்னு வாங்கி, வெளிநாட்டு காலுக்கு போடுற 00, அதுக்கப்புறம் பங்களாதேஷ் கோடு 880, அதை முன்னாடி போட்டு பின்னாடி 017ன்னு அவர் நம்பரையும் முழுசா போட்டேன். போகல. ரெண்டு தடவை, மூணு தடவை, போகல. எனக்கே மானம் போச்சு. ஏன்னா குவைத்துக்கு அப்படித்தான் போடுவோம், 965, அப்புறம் 8 நம்பர், முடிஞ்சுது, ஏரியா கோடும் கெடையாது, முன்னாடி சைபரும் கெடையாது. இருபத்தஞ்சு வருஷமா அண்ணனுக்கு போட்ட கைக்கு சைபர்னு ஒரு பிரச்சனை இருக்குன்னே தெரியாது.

அன்னிக்கு சாயங்காலம் அவரைக் கூட்டிகினு பாய் கடைக்கு போனேன். பாய் டைரியை வாங்கிப் பார்த்தார், ஒண்ணும் பேசல. பழைய கரண்ட் பில்லு பின்பக்கம் கிழிச்சு வெச்ச துண்டு பேப்பர் ஒண்ணு எடுத்தார், 017ன்னு அந்த நம்பரை பெருசு பெருசா எழுதுனார், முதல் சைபரை சிவப்பு பேனால சுத்தி குறுக்க ஒரு கோடு போட்டு அடிச்சார், அதுக்கு முன்னாடி 00880ன்னு எழுதுனார். பேப்பரை திருப்பி தாத்தா பக்கம் வெச்சு, உருதும் இந்தியும் கலந்து, அந்த சைபர் உங்க ஊருக்குள்ள போடுற சைபர் சாச்சா, ஊரைத் தாண்டுனா அது வராதுன்னார். தாத்தா மண்டையை ஆட்டுனார். பாயே போட்டார். ரெண்டு ரிங்ல எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் தாத்தா பேசுனது எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா பாதிலயே கண்ணைத் தொடைச்சுகினு பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சது மட்டும் பார்த்தேன். ரூமைக் காலி பண்ணிகினு போற வரைக்கும் அந்தப் பேப்பர் அங்கதான் இருந்துது.

பாய் எனக்கு தனியா ஒண்ணு சொன்னார், இது அசத்தல். "880ன்னு மனப்பாடம் பண்ணாதமா, 88ன்னு பண்ணு. அவங்க நம்பர் சைபர்ல ஆரம்பிக்குது இல்ல, அதுக்கு முன்னாடி 88 ஒட்டுனா தானா 880 ஆயிடும், எதையும் அடிக்க வேணாம்." யோசிச்சுப் பாருங்க, செம லாஜிக், நான் போட்டது 880க்கு அப்புறம் இன்னொரு சைபர், அதான் போகல. மலேசியாவுக்கும் இதே கதைதான், கோடு 60, அவங்க நம்பர் 01ல ஆரம்பிக்கும், 00க்கு அப்புறம் 6 மட்டும் சேத்தா போதும். ஆனா எல்லா ஊருக்கும் இது செல்லாது. துபாய் நம்பர் 05ன்னு ஆரம்பிச்சா சைபரை தூக்கிட்டுதான் 971 போடணும், சவுதிக்கும் அப்படித்தான், 966, இலங்கைக்கு 94. எங்க நாத்தனார் வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஷூ கம்பெனில இருக்கார், இதைச் சொன்னப்ப அவர் சிரிச்சார், இத்தாலி பார்ட்டிக்கு லேண்ட்லைன்ல போட்டா அந்த சைபரை எடுக்கவே கூடாதாம், எடுத்தா போகாதாம். ஊருக்கு ஊர் ஒரு சட்டம், இன்னா பண்றது.

அந்தப் பக்கத்துலேர்ந்து நமக்கு போடுறதுலயும் இதே சிக்கல். தாத்தா பையன் எங்க வீட்டு லேண்ட்லைனுக்கு முயற்சி பண்ணிகினே இருந்திருக்கான், 0091 போட்டு அப்புறம் 0416 போட்டு. வேலூர் கோடு 0416தான், ஆனா வெளிநாட்டுலேர்ந்து வந்தா அது வெறும் 416. மொபைல் நம்பர்னா 91க்கு அப்புறம் நேரா 10 நம்பர். பாய் இதையும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி என்கிட்ட குடுத்தார், நான் அதை ஜெராக்ஸ் எடுத்து மாடி ரூம் கதவுக்குப் பின்னாடி ஒட்டிட்டேன். ஜெராக்ஸுக்கு காசு வாங்கிட்டார், அதுல பாய் கறார்.

உள்ளூர்லயும் இந்த சைபர் உயிரை எடுக்குது. நம்ம லேண்ட்லைன்லேர்ந்து மொபைலுக்கு போட்டா 2021 ஜனவரி 15லேர்ந்து முன்னாடி ஒரு சைபர் சேக்கணும், எங்க அம்மா இன்னும் மறந்துட்டு எனக்கு போன் போகலன்னு திட்டும். மொபைல்லேர்ந்து லேண்ட்லைனுக்குன்னா எஸ்டிடி கோடு கண்டிப்பா வேணும், பக்கத்துத் தெருன்னாலும் 0416 போடணும். ராணிப்பேட்டை ஆற்காடு 04172, குடியாத்தம் 04171. கல்கத்தாகாரங்களுக்கு 033. அவங்களுக்கு இதெல்லாம் பெருசா சொல்லித்தர வேணாம், நம்ம நாடுதானே, 10 நம்பர் போட்டா போகுது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். முதல்ல ஒண்ணு, இந்தியா சிம்முல 017ன்னு சேவ் பண்ணி வெச்சா வாட்ஸ்அப்ல அந்த ஆளே வரமாட்டார், +880 போட்டு சேவ் பண்ணணும், போன்ல நம்பர் போடுறப்ப அந்த + எங்கன்னா சைபர் பட்டனை அமுக்கிப் புடிச்சா வரும். துபாய்ல வாட்ஸ்அப் கால் பேசவே விடமாட்டான், மெசேஜ் போகும், பேச வேற ஆப் வேணும். இதைவிட பெருசு 2024 ஜூலைல நடந்தது. 18ஆம் தேதி பங்களாதேஷ்ல மாணவர் போராட்டத்தப்ப நெட்டை மொத்தமா ஆஃப் பண்ணிட்டாங்க. மொபைல் நெட் திரும்ப வர 28 ஆயிடுச்சு. என் மாடில அப்ப இருந்தது டாக்கா குடும்பம், புருஷன் வார்டுல, பொண்டாட்டி ரூம்ல, ரெண்டு புள்ளைங்க அங்க பாட்டி வீட்டுல. டிவில தீ வெச்சு எரியிறதைக் காட்டுறான், வாட்ஸ்அப்ல ஒத்த டிக்கோட நிக்குது.

பாய் கடை லேண்ட்லைன் அப்பதான் தெய்வமாச்சு. சந்து முழுக்க ஆளுங்க, ஒவ்வொருத்தரும் கைல ஒரு பேப்பர். கால் ஈஸியா கெடைக்கல, பத்து தடவை போட்டா ஒண்ணு போகும், அதுவும் ஹலோன்னு சொன்னதும் கட்டாயிடும். அந்தம்மா ரெண்டு நாள் நின்னுது. மூணாவது நாள் காலைல அஞ்சரைக்கு பாய் எனக்கு போன் பண்ணி "கூட்டிகினு வா, இப்ப அங்க ஆறு மணி, லைன் காலியா இருக்கும்"ன்னார். நமக்கும் அவங்களுக்கும் அரை மணிதான் வித்தியாசம், அவங்க முன்னாடி. போனோம். ஷட்டரை பாதி தூக்கி வெச்சிருந்தார். நாலாவது தடவை போச்சு. முழுசா ரெண்டு நிமிஷம் பேசுச்சு, சின்னவ பல்லு விழுந்துடுச்சுன்னு பாட்டி சொன்னாளாம், அதைச் சொல்லிகினு சிரிச்சுது அழுதுது. பாய் வாட்ச்சைப் பார்த்து நோட்டுல 2ன்னு எழுதிகினார். அன்னிக்கும் காசு வாங்குனார், அதையும் சொல்லிடறேன், ஆனா கிடைக்காத காலுக்கு ஒத்த பைசா வாங்கல, ரெண்டு நாளா அவ்ளோ போட்டதுக்கும்.

முன்னாடில்லாம் எஸ்டிடி பூத்துல ராத்திரி ரேட்டு கொறையட்டும்னு லைன்ல நிப்போம், சிவப்பு லைட்டுல மீட்டர் ஓடுறதைப் பார்த்துகினே பேசுவோம், அண்ணன்கிட்ட நல்லாகீறியா சாப்ட்டியா வெச்சுடவான்னு மூணே கேள்வி. பாய் அந்த காலத்து ஆள், அதனால சுருக்கமா பேசச் சொல்லி சைகை காட்டுவார், கோவிச்சுக்காதீங்க.

சிம் விஷயம் முக்கியம். இந்த ஏரியாலயே வேற ஒரு கடைல, எதுன்னு சொல்லல, என் கெஸ்ட் ஒருத்தருக்கு ஏற்கனவே ஆக்டிவேட் பண்ண சிம்மை 800 ரூபாய்க்கு குடுத்தான், யார் பேர்ல வாங்குனதோ, நாலே நாள்ல செத்துப்போச்சு, கடைக்காரன் முகத்தைத் திருப்பிகினான். பாய்கிட்ட வந்து நானே கேட்டேன், என் ஆதார்ல ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்னு. ஒரே பார்வை பார்த்தார். "உன் பேர்ல 9 சிம் வரைக்கும்தான், அது போவட்டும், நாளைக்கு அந்த நம்பர்ல ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் யார் வீட்டுக்கு வரும்?" பொய் சொல்லி அடுத்தவங்க பேர்ல சிம் வாங்குனா 2023 டெலிகாம் சட்டத்துல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 50 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்கு. பாஸ்போர்ட், விசா, போட்டோ எடுத்துகினு நேரா கம்பெனி ஷோரூமுக்கு போங்கன்னு அனுப்பிட்டார், கமிஷன் போச்சேன்னு கூட பார்க்கல. நம்ம பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு சஞ்சார் சாத்தி சைட்ல பார்க்கலாம், அன்னிக்கு ராத்திரியே பார்த்தேன், நல்லவேளை மூணுதான்.

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, உக்கார ஒத்த ஸ்டூல், அதுவும் பாய் உக்காந்துகினு இருப்பார், வயசானவங்க நின்னுகினேதான் பேசணும். நம்பரை சத்தமா படிச்சுதான் போடுவார், சந்துல போறவனுக்கெல்லாம் உங்க வீட்டு நம்பர் தெரிஞ்சுடும். ஐஎஸ்டி பேக் போட்டுத் தருவார், ஆனா எந்த பேக் லாபம்னு அவர்கிட்ட கேக்காதீங்க, ரேட்டு அடிக்கடி மாறுது, அவர் பழசையே சொல்லிகினு இருப்பார், நிமிஷத்துக்கு எவ்ளோன்னு கம்பெனி ஆப்ல பார்த்துட்டு போங்க. என் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுனார், மூலைல காத்து நின்னுடுச்சு, கேட்டா ஒரு வாரத்துல தானா போயிடும்னார், மாசம் மூணாச்சு.

காலைல 7 மணிக்கு தொறப்பார், ராத்திரி 10 வரைக்கும் இருப்பார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு போயிடுவார், ரெண்டரைக்கு மேல போங்க. நம்பரை பேப்பர்ல எழுதிகினு போங்க, போன்ல காட்டுனா கண்ணாடி தேடவே அஞ்சு நிமிஷம் ஆவும். சில்லறை வெச்சுக்கோங்க, ரெண்டு நிமிஷ காலுக்கு 500 ரூபா நீட்டுனீங்கன்னா பாய் வாங்கமாட்டார், அப்புறம் குடுன்னு நோட்டுல எழுதிகினு அனுப்பிடுவார், அதை மறக்கவும் மாட்டார்.