டி செல் வீடியோ வகுப்பு: தைமஸ் பாடம் அருமை, அதற்கப்புறம் அவசரம்

என் தங்கைக்கு டைப் 1 சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அவளுடைய டி செல்களே (கிருமிகளோடு போராட வேண்டிய ஒரு வகை வெள்ளை அணுக்கள்) அழித்துவிட்டன என்று டாக்டர் சொன்னதிலிருந்து, சொந்த உடம்பை ஏன் தாக்க வேண்டும் என்ற கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அதற்காகத்தான் இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு பாடம்.

மூன்றாவது பாடத்துக்காகவே சேரலாம். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் டி செல்களுக்குப் பரீட்சை, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை அங்கேயே கழிக்கப்படுகின்றன. கணையத்தில் சுரக்க வேண்டிய இன்சுலினை தைமஸ் செல்களும் கொஞ்சம் தயாரித்துக் காட்டுகின்றன, ஏ.ஐ.ஆர்.இ. என்ற ஜீன் அதைச் செய்ய வைக்கிறது. அந்த இன்சுலின் துணுக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும் இளம் டி செல் மெல்லச் சுருங்கி, துண்டு துண்டாகி, பக்கத்தில் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் அதை விழுங்குவதை அனிமேஷனில் காட்டுகிறார்கள், நான் நான்கு தடவை திருப்பிப் பார்த்தேன். எதையும் பிடிக்கத் தெரியாத செல்லும் பிழைப்பதில்லை. 100-ல் சுமார் 2 முதல் 5 வரைதான் தேறி வெளியே வருகின்றன.

ஆனால் ஒரு குறை. இறுகப் பிடித்த செல்கள் எல்லாமே சாவதில்லை, ஒரு பகுதி மற்ற டி செல்களை அடக்கும் கட்டுப்பாட்டு டி செல்களாக மாறுகின்றன. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நான்காவது பாடம், இலக்கைப் பிடித்த பிறகும் தாக்குதலுக்குத் தேவையான இரண்டாவது சிக்னல் கிடைக்காத டி செல் செயலற்றுப் போவதைப் பற்றி, சரி, பரவாயில்லை. ஐந்தாவதுதான் ஏமாற்றம். தைமஸ் பரீட்சையில் தப்பிய செல்கள் நம் எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கின்றன, அவற்றை வெளியே அடக்கி வைப்பது கட்டுப்பாட்டு டி செல்கள்தான். 1995-ல் ஷிமோன் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார், 2001-ல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் இந்தச் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 ஜீனைக் கண்டுபிடித்தார்கள், 2025-ல் மூவருக்கும் மருத்துவ நோபல். இவ்வளவையும் ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அந்த ஜீன் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் பலருக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே டைப் 1 சர்க்கரை வந்துவிடுகிறது என்பது பாடத்தில் இல்லவே இல்லை, என் போன்றவர்கள் தேடி வருவதே அதற்குத்தானே!

தங்கையும் மூன்றாவது பாடத்தைப் பார்த்தாள். "என்னுடையது எந்த இடத்தில் தவறியது, தைமஸிலா, அப்புறமா?" என்று கேட்டாள். அதையே கேள்விப் பகுதியில் எழுதிப் போட்டேன், மூன்று வாரமாகியும் பதில் வரவில்லை.