டோபா ஏரியில் பாராகிளைடிங் என்று பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸ்காரர் இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் டோபா ஏரிக்கு, பாராகிளைடிங்கும் (துணி இறக்கையில் தொங்கியபடி மலையிலிருந்து பறப்பது) சேர்த்து என்று பேக்கேஜ் விற்கிறார். நானும் என் மச்சினனும் பணம் கட்டிப் போய், பறக்காமலே திரும்பினோம். பறப்பதற்கென்று தனியாக வாங்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அடுத்த லீவுக்கு நம்ம பக்கத்தில் பலர் அவரிடம் விசாரிப்பதால் எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, எரிமலை வாய்ல தண்ணி நிக்கி, அதுக்கு மேல பறப்பிய. எப்பப் போனாலும் பறக்கலாம், நான் கேரண்டி" என்றார்.

ஏரியைப் பற்றி அவர் சொன்னது நிஜம்தான். சுமார் 74,000 வருடங்களுக்கு முன் வெடித்த எரிமலை உள்வாங்கிய பள்ளம் அது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளம், கரையெல்லாம் செங்குத்து மலை. பார்த்தால் பேச்சு வராது. ஆனால் அங்கே காற்றுக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, ஏரிக்காற்று மலையில் ஏறி வலுக்கும், மேகமும் திரளும். மலைக்குப் பின்னாலிருந்து காற்று தாண்டி வந்தால் இன்னும் ஆபத்து. ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று மலைக்கு இந்தப் பக்கம் சுழன்றடிக்குமே, அப்படிப்பட்ட சுழலில் துணி இறக்கை மடங்கிவிடும். இரண்டு பேர் போகிற இறக்கையின் சாதாரண வேகமே மணிக்கு 40 கிலோமீட்டருக்குள்தான். எதிர்க்காற்று அந்த அளவுக்கு வந்தால் முன்னால் நகராது, பின்னுக்குத் தள்ளும்.

எங்களைக் காலை முழுக்கக் கடை கடையாகச் சுற்றவிட்டு, பிற்பகலில்தான் பறக்கக் கிளம்புகிற ஹுத்தா கிஞ்ஜாங் மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். காற்று காட்டும் துணிக்குழாய் விறைத்து நின்றது. கீழே ஏரியில் அலைகள் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தன. உள்ளூர் பைலட் ஒருவர் தன் இறக்கையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்; வானத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். ஏஜெண்டின் ஆளோ "சீக்கிரம் மாட்டுங்க" என்று அவசரப்படுத்தினான். ரிசர்வ் பாராசூட் எங்கே என்று மச்சினன் கேட்டான். இல்லை. தண்ணீருக்கு மேல் பறக்கக் கூட்டிவந்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டும் இல்லை! மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

ஊருக்கு வந்து கேட்டால், "காத்துக்கு நான் என்ன செய்ய? நீங்கதான வேண்டாம்னு சொன்னிய" என்கிறார். பில்லில் 'டூர் பேக்கேஜ்' என்று மட்டுமே இருக்கிறது. பாராகிளைடிங் என்ற வார்த்தையே கிடையாது.

போகிறவர்கள் பறப்பதற்கான பணத்தை இங்கே கட்டாதீர்கள். அங்கே போய், காலையில், காற்றைப் பார்த்துவிட்டு பைலட்டிடமே கொடுங்கள். முன்பணம் வாங்கியே தீருவேன் என்று டிராவல்ஸ்காரர் சொன்னால், காற்று சரியில்லாவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்று எழுதி வாங்குங்கள். டிராவல் இன்சூரன்ஸையும் படித்துப் பாருங்கள். சாகச விளையாட்டைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள், நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நாங்கள் திருநெல்வேலியில் மனு கொடுக்கப்போகிறோம். இவரிடம் பணம் கட்டியவர்கள் பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.