கார்க் கதவுக்குள் தார் ஒட்டி 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

இன்று காலை மெக்கானிக் என் காரின் இடது பின்கதவைப் பிரித்துக் காட்டினார். உள்ளே தார். ரோட்டில் ஊற்றுகிறார்களே, அதே நாற்றம், அதே பிசுபிசுப்பு. இதற்குத்தான் 18,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையில் இருக்கிறேன். பழைய கார். உம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். தங்கச்சிமடத்தில் இருக்கும் லாத்தா (அக்கா) வீட்டுக்கு அழைத்துப் போகும்போது பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் கதவுத் தகடு தடதடக்கும். நான் பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் பேசுவது எனக்குக் கேட்காது. கதவுத் தகட்டின் உள்பக்கம் டாம்பிங் ஷீட் என்ற கனமான ஒட்டு விரிப்பை ஒட்டினால் அதிர்வு குறையும் என்று கேள்விப்பட்டு, இராமநாதபுரத்தில் கார் அலங்காரப் பொருள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். மேலே அலுமினியத் தாள், கீழே கறுப்பு ரப்பர். "பியூட்டைல் ரப்பர், காக்கா, எந்த வெயிலுக்கும் அசையாது" என்றார் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்). இழுத்துப் பார்த்தேன், சவ்வு மாதிரி நீண்டது, வாசமே இல்லை. அது நல்ல சரக்குதான், இப்போதும் சொல்கிறேன். என் காருக்குள் போனது அது இல்லை, அவ்வளவுதான்.

முன்பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "வேலை முடிந்ததும் கதவைத் தட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் கொடுங்கள்." ஏமாற்றுகிறவன் முதலில் பணம் கேட்பான் என்று நானாக ஓர் இலக்கணம் வைத்திருந்தேன். அங்கேயே விழுந்துவிட்டேன். "வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் வாருங்கள்" என்று கடைப் பையனை அனுப்பி பைக்கில் பஸ் நிலையம் வரை கொண்டுவிட்டார். என்ன மரியாதை என்று நெகிழ்ந்து போனேன். நான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதற்கான மரியாதை அது.

மாலையில் தட்டினேன். 'டங்' என்றிருந்த கதவு 'டொக்' என்றது. புதிதாக ஒட்டிய தார் ஷீட்டும் அப்படித்தான் சொல்லுமாம், வெயில் ஏறும்வரை. 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் 'கார் வேலை' என்று எழுதித் தந்தார்.

மூன்றாவது வாரம் நாற்றம் தொடங்கியது. போன் செய்தேன். "புதுசு காக்கா, கொஞ்ச நாள் வாசம் இருக்கும்." கோடை மழை ஒன்று பெய்தது. அதன் பிறகு கதவுக்குள் சலக் சலக் என்று தண்ணீர் ஆடியது. சத்தத்தை ஒழிக்கப் பணம் கொடுத்துப் புதிதாக ஒரு சத்தம் வாங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுபடி போன் செய்தேன். "கம்பெனி ஆள் மதுரையிலிருந்து வருகிறார், திங்கள்கிழமை பார்த்துவிடலாம்." திங்கள்கிழமை போனை எடுத்த பையன், முதலாளி கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னான். அடுத்த வாரமும் கல்யாணம்தான். நேரில் போய் நின்றபோது, "உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எதுவும் நிற்காது" என்றார். அவர் கடை என்ன ஊட்டியிலா இருக்கிறது?

நேற்று உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியில் கறுப்புத் தார் இழுவியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் மெக்கானிக்கிடம் போனேன்.

தார் உருகிக் கண்ணாடி இறங்கும் வழியில் வழிந்திருக்கிறது. கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கு இருக்கும் துளைகளையும் ஷீட்டால் அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் தேங்கி, அடித்தகட்டில் துரு பிடித்தாயிற்று. இதில் கொடுமை, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்ததாம். அதை மாற்றியிருந்தாலே காற்றுச் சத்தம் பாதி குறைந்திருக்கும் என்கிறார்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. மாதிரியை நம்பாதீர்கள், ஒட்டப்போகும் ஷீட்டிலேயே ஒரு துண்டு வெட்டி வாங்கி, கார் பானட்டின் மேல் நண்பகல் வெயிலில் வையுங்கள். நாறினாலோ இளகி வழிந்தாலோ வேண்டாம். தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை, நடுவில் கால்வாசி ஒட்டினாலே அதிர்வு அடங்கும். முழுக்க ஒட்டச் சொல்வது பில்லை ஏற்றுவதற்கு. டயர் சத்தத்துக்கு இந்த ஷீட் மருந்தில்லை. ஈரம் குடிக்கும் ஸ்பாஞ்சை நம் கடற்கரையில் கதவுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். பொருளின் பெயர் எழுதிய பில் வாங்குங்கள். கூடவே நில்லுங்கள், பைக்கில் ஏறாதீர்கள்.

18,500 ரூபாய் போனது போக, சுரண்டி எடுக்கும் கூலி தனி. மெக்கானிக் கூப்பிடுகிறார், வலது கதவையும் திறந்துவிட்டாராம்.