பேஜ்ஃபைல் எந்த டிரைவ்ல, ரெஸ்டோர் எந்த டிரைவ்ல: சித்தப்பா கம்ப்யூட்டர வச்சு ஒரு கணக்கு

எங்க சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டர் ஒன்னும் பெரிய ராக்கெட் இல்ல. 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10, புதுசா போட்ட 240 ஜிபி எஸ்எஸ்டி தான் சி டிரைவ், முன்னாடி இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் டி டிரைவா அப்படியே கெடக்கு. எஸ்எஸ்டி போட்ட முதல் மாசம் பறந்துச்சு, அடுத்த மாசமே போன், "ஏன்டா, காசு போட்டும் மாட்டு வண்டி மாதிரி தானே ஓடுது"ன்னு. போய் தொறந்து பாத்தா மனுஷன் ஏதோ வீடியோவ பாத்துட்டு பேஜ்ஃபைல (ரேம் பத்தாதப்போ விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கற எடம்) தூக்கி டி டிரைவ்ல வச்சிருக்காரு, "எஸ்எஸ்டி தேஞ்சிடும்ல"ங்கிறாரு. அதே நேரம் சிஸ்டம் ரெஸ்டோருக்கு (விண்டோஸ பழைய நெலைக்கு கொண்டு போற வசதி) சி டிரைவ்லயே 40 ஜிபிக்கு மேல ஒதுக்கி, "பேக்கப் எல்லாம் பக்கா"ன்னு வேற சொல்றாரு.

வேகம் வேணுங்கிறது மெதுவான டிஸ்க்ல, பத்திரம் வேணுங்கிறது எது செத்தா அது தேவப்படுமோ அதே டிஸ்க்ல. அப்படியே தலைகீழ். நான் பாத்த பாதி வீட்ல இதே கதை தான், அதனால ரெண்டையும் ஒன்னா வச்சு எது எங்க இருக்கணும்னு அலசிடுவோம்.

முதல்ல பேஜ்ஃபைல். நாலு வழி சொல்றாங்க: விண்டோஸே பாத்துக்கட்டும்னு சி டிரைவ்ல விட்டுடறது, டி டிரைவுக்கு மாத்தறது, ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் வைக்கறது, மொத்தமா அணைச்சிடறது.

அணைக்கிறவங்க சொல்ற லாஜிக் கேக்க நல்லா தான் இருக்கும், "ரேம் தான் காலியா இருக்கே, அப்புறம் எதுக்கு டிஸ்க்க தொடணும்"னு. ஆனா விண்டோஸ் மெமரி குடுக்கிற விதம் ரயில் ரிசர்வேஷன் மாதிரி, ஒரு ப்ரோக்ராம் இவ்ளோ வேணும்னு கேட்டு புக் பண்ணிட்டா, ஆள் ஏறி உக்காரலைன்னாலும் அந்த பர்த் அவனுக்கு தான், வேற யாருக்கும் கெடையாது. மொத்தம் எத்தன பர்த்துன்னா ரேமும் பேஜ்ஃபைலும் கூட்டுனா வர்ற கணக்கு. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரின்னு போனா கமிட்டட்னு ஒரு எடத்துல 7.1 கீழ 10.4 மாதிரி ரெண்டு நம்பர் இருக்கும், முதல் நம்பர் புக் ஆனது, ரெண்டாவது மொத்த பர்த். பேஜ்ஃபைல அணைச்சிட்டா அந்த ரெண்டாவது நம்பர் ரேம் அளவுக்கு சுருங்கிடும், ரேம்ல ஒரு ஜிபிக்கு மேல காலியா இருக்கும்போதே "மெமரி பத்தல"ன்னு சொல்லி ப்ரவுசர் டேப் சாகும், கேம் வெளிய தள்ளும். ஆளும் "2 ஜிபி ஃப்ரீயா இருக்கே, வைரஸா இருக்குமோ"ன்னு தேடிட்டு இருப்பாரு. 32 ஜிபி ரேம் இருக்கறவங்க வேணா அணைச்சிட்டு ஓட்டலாம், ஆனா அவங்களுக்கும் அதுல லாபம்னு ஒன்னு எனக்கு தெரியல. 8 ஜிபில இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இப்போ சி டிரைவா டி டிரைவாங்கற சண்டை. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுத்து சுத்தவே 8 மில்லி செகண்டுக்கு மேல ஆகும், அதோட ஊசி நகர்ற நேரமும் சேந்தா ஒரு சின்ன துண்ட எடுக்க சராசரியா 12, 13 மில்லி செகண்ட். சாதா சாட்டா எஸ்எஸ்டி அதே வேலைய 0.1 மில்லி செகண்ட் பக்கத்துல முடிச்சிடும். நூறு மடங்கு வித்தியாசம்! பேஜ்ஃபைல்ல இருந்து விண்டோஸ் எடுக்கறது பெரிய பெரிய ஃபைல் இல்ல, பெரும்பாலும் 4 கேபி துண்டு துண்டா அங்கங்க பொறுக்குற வேலை, ஹார்ட் டிஸ்க்குக்கு ஜென்மத்துக்கும் ஆகாத வேலையே அது தான். இதுல இன்னொரு கூத்து, பவர் செட்டிங்ல 20 நிமிஷம் யாரும் தொடலைன்னா ஹார்ட் டிஸ்க்க நிறுத்திடுன்னு இருக்கும், அப்படி நின்னு போன டிஸ்க்ல இருந்து ஒரு பக்கம் வேணும்னா அது எழுந்து சுத்த ஆரம்பிக்கற வரைக்கும் மொத்த சிஸ்டமும் வாய பொளந்துட்டு நிக்கும். சித்தப்பா "மவுஸ் மட்டும் நகருது, வேற எதுவும் நடக்கல"ன்னு சொன்னது இதைத்தான்.

சரி, தேய்மானம்? மைக்ரோசாஃப்ட் 2009ல விண்டோஸ் 7 நேரத்துல அவங்க சேத்த டேட்டாவ பாத்து சொன்ன கணக்கு, பேஜ்ஃபைல்ல ஒரு தடவ எழுதினா சுமார் 40 தடவ படிக்கறாங்க. எஸ்எஸ்டிய தேய்க்கறது எழுதறது தான், படிக்கறது இல்ல. அதுக்கப்புறம் 2015ல வந்த விண்டோஸ் 10ல இருந்து மெமரிய அமுக்கி ரேமுக்குள்ளயே வச்சுக்கற வேலையும் சேந்துடுச்சு, அதனால டிஸ்க் வரைக்கும் போறது இன்னும் கொறைவு. விலை கம்மியான 240 ஜிபி எஸ்எஸ்டிக்கே 80 டிபி எழுதலாம்னு எல்லாம் போட்டிருக்கான், தினம் 20 ஜிபி எழுதினாக் கூட 4000 நாள், கிட்டத்தட்ட 11 வருஷம். அதுக்குள்ள கேபினெட்டே மாறிடும்.

ஒரே ஹார்ட் டிஸ்க்க சி, டி, ஈன்னு மூணா பிரிச்சு வச்சிருக்கறவங்க பேஜ்ஃபைல டி க்கு மாத்தி "ஸ்பீட் ஏறிடுச்சு"ன்னு சொன்னா நம்பாதீங்க. தட்டு ஒன்னு தானே, ஊசி சி க்கும் டி க்கும் ஓடி ஓடி இன்னும் மெதுவா தான் ஆகும். தனித்தனி டிஸ்க்கா இருந்தா தான் இந்த பேச்சே.

ரெண்டுலயும் வைக்கற வழிக்கு மட்டும் ஒரு எடம் இருக்கு. சி 120 ஜிபி எஸ்எஸ்டி, அதுல 8 ஜிபி தான் மிச்சம், அடிக்கடி வீடியோ எடிட்டிங்னு பெருசா மெமரி தின்னுற வேலை இருக்குன்னா சி ல ஒரு 2 ஜிபி வச்சுட்டு வழியறது டி க்கு போகட்டும்னு விடலாம். சி ல சுத்தமா இல்லாம மட்டும் பண்ணாதீங்க, ஏன்னா ப்ளூ ஸ்க்ரீன் விழுந்தா எதனால விழுந்துச்சுன்னு எழுதற டம்ப் ஃபைல் சாதாரணமா விண்டோஸ் இருக்கற டிரைவோட பேஜ்ஃபைல் வழியா தான் போகும். சித்தப்பா மிஷின்ல ரெண்டு தடவ ப்ளூ ஸ்க்ரீன் வந்திருக்கு, மினிடம்ப் ஃபோல்டர்ல போய் பாத்தா காக்கா கூட இல்ல. 800 எம்பிக்கு கீழ கொறைச்சா விண்டோஸே ஒரு எச்சரிக்கை காட்டும், யாரு படிக்கிறா.

அளவு பத்தி ஒரே வரி: ரேமோட ஒன்னரை மடங்குங்கறது 256 எம்பி ரேம் காலத்து வாய்ப்பாடு. சிஸ்டம் மேனேஜ்டுன்னு, அதாவது விண்டோஸே பாத்துக்கட்டும்னு விட்டா ரேமோட மூணு மடங்கு வரைக்கும் வளரலாம், ஆனா டிரைவோட எட்டுல ஒரு பங்கு தாண்டாது, சித்தப்பா கேஸ்ல உச்சம் 24 ஜிபி. அது உச்சம் தான், சாதாரண நாள்ல அவர் மிஷின்ல 2, 3 ஜிபிக்கு மேல போய் நான் பாக்கல. எடம் தான் பிரச்சனைன்னா ஹைபர்நேட் ஃபைல் (அணைக்கும்போது ரேம்ல இருக்கறத டிஸ்க்ல எழுதி வைக்கற ஃபைல்) பக்கம் கைய வைங்க, ரேம்ல 40 சதவீதம், அதாவது 3 ஜிபிக்கு மேல சும்மா புடிச்சிருக்கும், டெஸ்க்டாப்ல ஹைபர்நேட் யாரு போடறா? கமாண்ட் ப்ராம்ப்ட்ட அட்மினா தொறந்து பவர்சிஎஃப்ஜி கமாண்ட்ல அத ரெட்யூஸ்டுன்னு மாத்தினா பாதியாயிடும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் ஓடும்.

இப்போ ரெஸ்டோர் பக்கம். இங்க தான் எனக்கு கோவமே வரும், ஏன்னா பேஜ்ஃபைல் தப்பா வச்சா மெதுவா ஓடும் அவ்ளோ தான், இத தப்பா நம்பினா பேத்தி பொறந்த ஃபோட்டோ போயிடும்.

சிஸ்டம் ரெஸ்டோர் 2000ல விண்டோஸ் மில்லேனியத்தோட வந்தது, அப்போல இருந்து ஜனங்க அத பேக்கப்னு நெனச்சுட்டு இருக்காங்க. அது பேக்கப் இல்ல. சிஸ்டம் ஃபைல், ரெஜிஸ்ட்ரி, டிரைவர் இதெல்லாம் நேத்து எப்படி இருந்துச்சோ அப்படி கொண்டு போகும், உங்க ஃபோட்டோ டாக்குமெண்ட் பக்கமே வராது. உள்ள என்ன நடக்குதுன்னா, டிஸ்க்ல ஒரு துண்ட மாத்தி எழுதறதுக்கு முன்னாடி பழைய துண்ட எடுத்து அதே டிரைவ்ல ஒரு மூலைல வச்சுக்குது (இது தான் ரெஸ்டோர் பாயிண்ட்), ஒதுக்கின எடம் ரொம்புனா பழசுல இருந்து கழிச்சு விட்டுடும். அதே டிரைவ்லங்கறத கவனிங்க. எஸ்எஸ்டி ஒரு நாள் காலைல பயாஸ்லயே தெரியலைன்னா 40 ஜிபி ரெஸ்டோர் பாயிண்டும் அதோட போச்சு, பீரோ சாவிய பீரோக்குள்ளயே வச்சு பூட்டின கதை தான். 2017ல உலகத்த ஆட்டி வச்ச வன்னாக்ரைங்கற ரான்சம்வேர் (ஃபைல பூட்டி வச்சு காசு கேக்கற வைரஸ்), ஃபைல பூட்டறதோட இந்த பழைய காப்பிய எல்லாம் அழிக்கவும் செஞ்சுது, வேற பல ரான்சம்வேரும் இதே வேலைய பண்ணும்.

அப்போ அணைச்சிடலாமான்னா, அதுவும் வேணாம். ஒரு ப்ரிண்டர் டிரைவர் போட்டு சிஸ்டம் படுத்துடுச்சுன்னா பத்து நிமிஷத்துல எழுப்பறதுக்கு இத விட சுலபமான வழி இல்ல, நானே எத்தனையோ வாட்டி தப்பிச்சிருக்கேன். சி ல மட்டும் ஆன் பண்ணி 5 சதவீதம் குடுங்க, 240ல அது 11, 12 ஜிபி வரும், தாராளம். விண்டோஸ் 10, 11ல பல மிஷின்ல இது அணைஞ்ச நிலைல தான் வருது, ஒரு தடவ போய் பாத்துடுங்க. டி டிரைவ்ல ஆன் பண்ண வேண்டாம், சினிமாவும் கல்யாண வீடியோவும் மாத்தி மாத்தி போடற டிரைவ்ல அது எடத்த தான் தின்னும். ஆஃப் பண்ணினா அந்த டிரைவ்ல இருக்கற பழைய பாயிண்ட் அத்தனையும் ஒரே அடியா போயிடும், சி ல எடம் மட்டும் தான் வேணும்னா டிஸ்க் க்ளீனப்ல மோர் ஆப்ஷன்ஸ்னு ஒரு டேப் இருக்கு, கடைசி ஒன்ன விட்டுட்டு மிச்சத்த அது அழிக்கும்.

லேப்டாப்ல ரெக்கவரின்னு பேர் போட்டு டி டிரைவ் ஒன்னு வரும்ல, 15 ஜிபி மாதிரி. அத்தை பையன் ஒருத்தன் அதுல எடம் இருக்குன்னு பேஜ்ஃபைல அங்க வச்சிருந்தான், அதே டிஸ்க்கோட ஓரத்துல! அப்புறம் டிஸ்க்க மாத்தப் போன எடத்துல சர்வீஸ் கடைக்காரர் "ஃபார்மட் போட்டுடலாம் தம்பி"ன்னு ஆரம்பிச்சு அந்த ரெக்கவரியோட சேத்து கழுவி விட்டுட்டாரு. முன்னல்லாம் இது பெரிய நஷ்டம், இப்போ லைசன்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோட சேந்தே இருக்கறதால 8 ஜிபி பென்டிரைவ்ல மைக்ரோசாஃப்டோட மீடியா க்ரியேஷன் டூல் வச்சு விண்டோஸ புதுசா போட்டுக்கலாம். கண்ணுக்கு தெரியாத சின்ன ரெக்கவரி பார்ட்டிஷன் (டிஸ்க்ல தனியா பிரிச்ச பகுதி) ஒன்னு இருக்கும், அத மட்டும் எடம் மிச்சம் பண்றேன்னு அழிக்காதீங்க, விண்டோஸ் பூட் ஆகலைன்னா ரிப்பேர் ஸ்க்ரீன் அங்க இருந்து தான் வருது. 2024 ஜனவரில அந்த பார்ட்டிஷன்ல 250 எம்பி காலி இல்லாதவங்களுக்கு ஒரு அப்டேட்டே ஏறாம எரர் அடிச்சது ஞாபகம் இருக்கும்.

டிஸ்க்கே செத்தா காப்பாத்தறது சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ் டிரைவ அப்படியே மொத்தமா எடுத்த காப்பி) தான், அதுவும் வேற டிஸ்க்ல. கண்ட்ரோல் பேனல்ல இன்னும் விண்டோஸ் 7 பேர்லயே ஒரு பேக்கப் ஐட்டம் கெடக்கு, பழசு தான் ஆனா வேலை செய்யும். சித்தப்பாவோட மெதுவான 1 டிபிக்கு சரியான வேலை இதுதான், நீளமா ஒரே மூச்சுல எழுதறது ஹார்ட் டிஸ்க்குக்கு அல்வா சாப்புடற மாதிரி. டி ல இருக்கற ஃபோட்டோவுக்கு ஃபைல் ஹிஸ்டரி (ஃபைல தானா காப்பி எடுக்கற வசதி), 2012ல விண்டோஸ் 8ல வந்தது, அது வெளில சொருகுற எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு போகட்டும். காப்பி முடிஞ்சதும் கழட்டி பீரோல வைங்க, சொருகியே வச்சா ரான்சம்வேர் அதையும் தொடும், கரண்ட் எகிறினா அதுவும் சேந்து போகும்.

விண்டோஸ் 11காரங்களுக்கு ஒன்னு: புது மிஷின்ல டிஸ்க் என்க்ரிப்ஷன் (கீ இல்லாம படிக்க முடியாதபடி டிஸ்க்க பூட்டறது) தானாவே ஆன் ஆயிருக்கலாம், பார்ட்டிஷன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி அந்த 48 இலக்க கீய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருந்து பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. கேக்கும்போது அது அந்த கம்ப்யூட்டருக்குள்ள இருந்தா என்ன பிரயோஜனம்.

சித்தப்பா மிஷின்ல இப்போ பேஜ்ஃபைல் சி ல சிஸ்டம் மேனேஜ்டு, ரெஸ்டோர் 5 சதவீதம், இமேஜ் டி ல, எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கச் சொல்லி மூணு மாசமாச்சு, இன்னும் "தீபாவளி ஆஃபர் வரட்டும்"ங்கிறாரு. நீங்களும் மாத்தப் போனீங்கன்னா ஒன்னு கவனிங்க, விர்ச்சுவல் மெமரி டப்பால டிரைவ செலக்ட் பண்ணி சிஸ்டம் மேனேஜ்டு புள்ளி வச்சதும் நேரா ஓகே அடிச்சா எதுவும் மாறாது, முதல்ல பக்கத்துல இருக்கற செட் பட்டன அமுக்கணும், அப்புறம் ரீஸ்டார்ட். நான் சரி பண்ணிட்டு வந்தும் ரெண்டு நாள் அந்த டி டிரைவ்லயே ஓடினதுக்கு காரணம், ஆமா, நான் தான், செட் அமுக்காம வந்துட்டேன்.